ஓதற் பிரிவும் உடனுறைவும்

தமிழர் வகுத்த அகப்பொருள் இலக்கணத்திலே பிரிவுக்குரிய காரணங்களுள் முதற்கண் வைத்து எண்ணப்பட்டது ஓதல். கல்வியின் பொருட்டுத் தலைவன் இல்லம் விட்டு நீங்குதலைத் தொல்காப்பியர் பகைவயிற் பிரிவுக்கும் தூதிற் பிரிவுக்கும் முன் நிறுத்தினார். அப்பிரிவு மூன்றாண்டிற்கு மேற் செல்லலாகாது எனக் கற்பியலில் எல்லையும் வகுத்தார். ஆயினும், பிரிவைப் பொருளாகக் கொண்டு எழுந்த செய்யுட்கள் பெரும்பாலும் காட்டுவது மனைக்கண் இருந்து வருந்தும் தலைவியின் தனிமையையே. ஓதச் சென்றவன் சென்றவிடத்தில் யாரோடு இருந்தான், யாரோடு உண்டான், மாலைப் பொழுதில் யாரை நினைந்தான் என்பன அவ்விலக்கணத்தின் கவலையாக அமையவில்லை. மாணாக்கனும் தனித்திருப்பான் என்பது எவர்க்கும் தோன்றவில்லை போலும்.

அவ்விலக்கணம் விட்ட இடத்தை நிரப்ப வேண்டுமாயின், பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் அதனைப் பொருளாகக் கொண்டு எழுந்த இலக்கியங்களையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். இதற்குப் பெரிதும் உதவக்கூடிய நூல்கள் மூன்று. நியூமன் 1852இல் டப்ளின் நகரில் ஆற்றத் தொடங்கிய பல்கலைக்கழகச் சொற்பொழிவுகள் ஒன்று. தோமஸ் ஹார்டி 1895இல் நூலாக வெளியிட்ட ஜூட் என்பானின் கதை மற்றொன்று. வேர்ஜினியா வூல்வ் 1929இல் வெளியிட்ட ‘தனக்கென ஓர் அறை’ என்னும் பொருள்படும் நூல் மூன்றாவது. மூன்றும் ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் என்னும் இரு பழம் பல்கலைக்கழகங்களை மனத்திற் கொண்டு எழுந்தவை. முதலாவது மதிலுக்குள் நிகழும் உறவைப் புகழ்வது. இரண்டாவது மதிலுக்கு வெளியே நின்றவனைக் காட்டுவது. மூன்றாவது வாயிலிலே தடுக்கப்பட்டவளின் வாதம். இவற்றை அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். மாணாக்கனின் தனிமை பெரும்பாலும் அவன் உள்ளத்தின் மெலிவாற் பிறப்பதன்று. அவன் புகுந்த கழகம் யாரை எண்ணிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து பிறப்பது.

தனிமை என்னுஞ் சொல்லை இங்கு வரையறுத்துக்கொள்ளல் நலம். ஏகாந்தம் வேறு, தனிமை வேறு. ஏகாந்தம் ஒருவன் தானே விரும்பித் தேடுவது, சிந்தனைக்கு இன்றியமையாதது. தனிமை பிறரால் ஒருவன்மேற் சுமத்தப்படுவது. பலர் நடுவிலும் நேர்வது. கற்பவனுக்கு முன்னது செல்வம், பின்னது வறுமை. இவ்வேறுபாட்டை மறந்தோர் மாணாக்கனின் தனிமையைத் தவம் என்று போற்றியதும் உண்டு. அவனுடைய ஏகாந்தத்தைச் செருக்கு என்று இகழ்ந்ததும் உண்டு.

பல்கலைக்கழகம் என்பதனைக் குறிக்கும் இலத்தீன் மூலச்சொல் முதலில் ஒரு கட்டடத்தையோ பாடங்களின் தொகுதியையோ குறித்ததன்று. ஒரு கூட்டத்தையே குறித்தது. பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் பொலோனா நகருக்குச் சட்டங் கற்க வந்த பிறநாட்டார்க்கு அந்நகரத்துக் குடியுரிமை இல்லை. வழக்கு வந்தாற் காப்பார் இல்லை. வாடகை மிகுந்தாற் கேட்பார் இல்லை. எனவே அவர்கள் கம்மியரும் வணிகரும் சங்கம் அமைத்தது போலத் தாமும் சங்கமாகக் கூடினர்; ஆசிரியரை அமர்த்துவதிலும் அவரை நெறிப்படுத்துவதிலும் அதிகாரஞ் செலுத்தினர். ஒரே நாட்டினின்று வந்தோர் ஒரு குழுவாக இணைந்தனர். பாரிசிலும் இவ்வாறு நான்கு நாட்டுக் குழுக்கள் இயங்கின. ஆகவே, பல்கலைக்கழகம் என்பதே அந்நியரின் தனிமைக்கு அந்நியர் தாமே கண்ட மருந்தாகும். தனித்தோர் கூடிக் கழகம் ஆயினர் என்பதை நினைவிற் கொள்ளாதார்க்குப் பின்வந்த வரலாறு விளங்காது.

ஆனால் கூட்டம் அமைந்தவுடன் அதன் வாயிலிற் காவலும் அமைந்தது. புதிதாக வந்த மாணாக்கனை மஞ்சள் அலகுடைய பறவைக் குஞ்சு என்று அழைத்து, அவனிடமிருந்து விருந்துக்குப் பணம் பறிக்கும் வழக்கம் இடைக்காலப் பாரிசில் நிலவியது. ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களிற் புதியவனைக் கொம்புடைய விலங்காகப் பாவித்து, அக்கொம்பை அறுத்து மனிதனாக்குவது போன்ற சடங்கொன்று நெடுங்காலம் நடைபெற்றது. துன்பத்தைத் தாங்கியவனே நம்மவன் என்பது இச்சடங்குகளின் உட்கருத்து. அந்நியராய் வந்து துன்புற்றோர், தமக்குப் பின்வந்த அந்நியருக்கு அத்துன்பத்தையே நுழைவு வரியாக விதித்தனர்.

இங்கிலாந்திலே இக்கூட்டம் கல்லூரி என்னும் மதிலுடைய மனையாக வளர்ந்தது. ஒக்ஸ்போட்டின் மேட்டன் கல்லூரி 1264இல் நிறுவப்பட்டது. இத்தகைய பழைய அறக்கட்டளைகள் பல வறிய மாணாக்கரைத் தாங்கும் நோக்கத்தோடு எழுந்தவை என்பது கருதத்தக்கது. காலப்போக்கில் உண்டியும் உறையுளும் வழிபாடும் ஒருங்கமைந்த இம்மனைகள் செல்வர் மக்களின் இல்லங்களாயின. சமயக் கட்டுப்பாடும் உடன் சேர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிடாதவன் 1854 வரை ஒக்ஸ்போட்டிற் சேரவே இயலாது; கேம்பிறிட்ஜிற் சேரலாம், பட்டம் பெறுதல் இயலாது. யூதராகிய சில்வெஸ்ரர் 1837இல் கேம்பிறிட்ஜின் கணிதத் தேர்விலே இரண்டாம் இடம் பெற்றும் பட்டம் பெற்றிலர். 1871இற் சமயத் தடைச் சட்டங்கள் நீக்கப்பட்ட பின்னரே, முப்பத்தைந்தாண்டு கழிந்து, 1872இல் அவருக்கு அப்பட்டம் வழங்கப்பட்டது. உடனிருந்து கற்றவர்; ஆயினும் உடனிருந்தவராக எண்ணப்படாதவர்.

இப்பின்னணியில் நியூமனின் நூலை நோக்குவோம். அச்சொற்பொழிவுகளில் ஒரு துணிவான ஒப்பீடு வருகிறது. உடனுறைவும் ஆசிரியர் மேற்பார்வையும் இன்றிப் பல பாடங்களிலும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் கழகம் ஒன்று. பேராசிரியரும் பரீட்சையும் இன்றி இளைஞரை மூன்று நான்கு ஆண்டுகள் ஓரிடத்திற் கூடி வாழவிட்டு அனுப்பிவிடும் கழகம் மற்றொன்று. இவ்விரண்டனுள் மனவளர்ச்சிக்கு எது சிறந்தது எனின், பின்னதே என்பது நியூமனின் தீர்ப்பு. இளைஞர் ஒருவரோடொருவர் பழகி உரையாடும்போது ஒருவர்க்கொருவர் ஆசிரியராகின்றனர். கழகம் தன் மக்களைத் தனித்தனியே அறியும் தாயாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. விடுதியில் வாழ்ந்த எவரும் இதன் உண்மையை மறுக்கார். வகுப்பிற் கேட்ட விரிவுரை மறந்துபோக, இரவு நெடுநேரம் நண்பரோடு செய்த வாதம் நினைவில் நிற்பதை யார் அறியார்?

ஆயினும் இப்புகழுரையை எழுதிய கை எத்தகையது என்பதை ஆராய்தல் திறனாய்வாளன் கடன். நியூமன் தமது பதினாறாம் வயதில், 1817இல், ஒக்ஸ்போட்டின் திரினிற்றிக் கல்லூரியில் வாழப் புகுந்தவர். 1822இல் ஓரியல் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவுசெய்யப்பட்ட பின்னரும் தொடக்கத்தில் நெருங்கிய துணையின்றியே இருந்தார். தாம் தனியே உலாவி வருகையில் எதிர்ப்பட்ட கல்லூரித் தலைவர், ஏகாந்தத்தைப் போற்றும் பழைய இலத்தீன் மொழி ஒன்றைக் கூறி வணங்கிச் சென்றதைத் தமது வரலாற்றில் அவரே குறிப்பிடுகிறார். பின்னர் 1845இற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியதும் ஓரியற் பதவியைத் துறந்தார். 1846இல் ஒக்ஸ்போட்டை விட்டு நீங்கினார். அதன்பின் முப்பதாண்டிற்கு மேலாக அந்நகருட் புகவில்லை. புகைவண்டியிற் செல்லும்போது அதன் கோபுரங்களை மட்டுமே கண்டார். 1878இலே, திரினிற்றிக் கல்லூரி அளித்த சிறப்பை ஏற்றபின்னரே, மீண்டும் அங்குச் சென்றார்.

ஆகவே உடனுறைவின் பெருமையைப் பேசியவர் உடனுறையும் உரிமையை இழந்தவர். தாய் என்று கழகத்தைப் போற்றியவர் அத்தாயின் மனைக்கு வெளியே நின்று போற்றினார். நூலின் அழகு இதனால் மிகுகிறது. ஏக்கம் அதன் நடைக்கு ஒளி தருகிறது. ஆனால் நூலின் குறையும் இதனாலேயே நேர்ந்தது. பிரிந்தவன் கண்ணுக்கு விட்டுவந்த மனை எப்போதும் நிறைவுடையதாகவே தோன்றும். தாம் மதிப்பிட்ட கூட்டுறவிலே தம்மைப் போன்ற கத்தோலிக்கனுக்கும் சில்வெஸ்ரர் போன்ற யூதனுக்கும் இடமில்லை என்பதை அறிந்திருந்தும், அவ்விடமின்மை அக்கூட்டுறவின் இயல்பையே பாதிக்கும் என்பதை நியூமன் தமது தராசில் இடவில்லை. ஒரே சமயத்தார், ஒரே வகுப்பார், ஒரே பாலார் கூடி மகிழ்ந்திருத்தல் எளிது. வேறுபட்டோர் கூடியிருத்தலே கழகத்துக்குரிய அரும்பணி.

நியூமன் காணாது விட்ட வெளிப்புறத்தை ஹார்டி காட்டினார். ஹார்டியும் பல்கலைக்கழகத்திற் கற்றவர் அல்லர். அவர் நாவலின் தலைவன் ஜூட் பெற்றோரை இழந்த சிற்றூர்ச் சிறுவன். அவனுடைய பள்ளி ஆசிரியர் பட்டம் பெறும் ஆசையோடு கிறைஸ்ற்மின்ஸ்ரர் என்னும் நகருக்குப் புறப்படுவதோடு கதை தொடங்குகிறது. ஒக்ஸ்போட்டுக்கு ஹார்டி இட்ட புனைபெயரே அது. அன்றுமுதல் அந்நகரின் தொலைவிளக்குகள் சிறுவனின் கனவாகின்றன. அத்தையின் அப்ப வண்டியை ஓட்டியபடியே இலத்தீனும் கிரேக்கமும் பயில்கிறான். கல்தச்சனாகி அந்நகரை அடைகிறான். அங்கே கல்லூரிச் சுவர்களின் சிதைந்த கற்களைப் புதுக்குவது அவன் தொழில். அச்சுவர்களுக்குட் புகுதல் அவன் ஆசை. கட்டடத்தைக் காப்பவன் கட்டடத்துக்கு அந்நியன் என்னும் இம்முரணை ஹார்டி உரத்துப் பேசவில்லை. உளியும் கற்றூளுமே பேசுகின்றன.

அந்நாவலில் தனிமையின் உச்சம் எது என ஆராயின், கல்லூரித் தலைவர்களுக்கு ஜூட் எழுதிய கடிதங்களுக்கு ஒருவரிடமிருந்து மட்டும் மறுமொழி வந்த இடம் என்பர் பலர். தன் தொழிலோடு நின்றுகொள்வதே நன்று என்பது அம்மறுமொழியின் சாரம். ஆனால் அதனினும் கூர்மையான இடம் அதற்கு முன்னரே உள்ளது. வீதியிற் செல்லும் மாணாக்கர் அவனைக் காணாமலே செல்கின்றனர்; வெறுத்து ஒதுக்கவுமில்லை, இகழவுமில்லை. அவர் கண்ணுக்கு அவன் அங்கே இல்லை. நகருக்கு வந்த முதலிரவில் இறந்துபோன அறிஞரின் குரல்களைக் கேட்டு அவர்களோடு உறவாடியவனுக்கு, உயிரோடிருப்போர் மத்தியில் ஒரு சொல்லும் கிட்டவில்லை. நூல்களோடு உறவு கொண்டவனை நூல்நிலையத்தின் சுற்றம் அறியவில்லை. சூ என்னும் பெண், இக்கல்லூரிகள் நிறுவப்பட்ட காலத்தில் ஜூட் போன்றோரையே அவை கருதின என்று உணர்த்துமிடம் நாவலின் நீதிவாக்காகும். வறியோர்க்கென எழுந்த மனையினின்று வறியவன் விலக்கப்பட்டான்.

ஹார்டியிடத்தும் குறையுண்டு. பல்கலைக்கழகத்தின் அநீதியைத் தொடங்கி வைத்தவர், நடுவே மணவாழ்வின் துன்பங்களையும் விதியின் கொடுமையையும் அளவிறந்து குவித்து, முதற் கேள்வியை மங்கச் செய்துவிட்டார். விதியின்மேற் பழி விழும்போது சட்டமும் வழக்கமும் தப்பிவிடுகின்றன. ஜூட் இறக்குந் தறுவாயில் வெளியே விழாக் கூட்டத்தின் ஆரவாரம் கேட்பதாக அமைத்த இறுதி மட்டும் முதற் கேள்வியை மீட்டுத் தருகிறது. வரலாறும் அக்கேள்வியை முற்ற மறக்கவில்லை. நாவல் வெளிவந்து நான்காண்டில், 1899இல், தொழிலாளர்க்கென ரஸ்கின் கல்லூரி ஒக்ஸ்போட் நகரில் எழுந்தது. அதனை ஜூட்டின் பெயரால் வழங்கியிருக்கலாம் எனச் சிலர் கூறியதை ஹார்டியே 1912இல் எழுதிய பின்னுரையிற் குறிப்பிடுகிறார்.

இடைநிலையில் நின்றோரும் இருந்தனர். கல்லூரிச் செலவைத் தாங்கமாட்டாத மாணாக்கர் எக்கல்லூரியையுஞ் சாராது, நகரில் வாடகை அறையிலிருந்து கற்கலாம் என 1868இல் ஒக்ஸ்போட் இசைந்தது. அடுத்த ஆண்டிற் கேம்பிறிட்ஜும் இசைந்தது. இவர்களுக்கு ஒக்ஸ்போட்டில் வழங்கிய பெயர் ‘இணைக்கப்படாதோர்’ என்னும் பொருளது. கதவைத் திறந்த கையே அப்பெயரையும் நெற்றியில் எழுதியது. அப்பெயர் வழக்கொழிந்து, அம்மாணாக்கரின் சங்கம் தூய கத்தரீனாள் பெயராற் கல்லூரியாக உயர்ந்தது 1962இல். கேம்பிறிட்ஜிலே பிற்ஸ்வில்லியம் கல்லூரி ஆனது 1966இல். அறை தருவதற்கும் சுற்றம் தருவதற்கும் இடையே ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

பெண்களின் வரலாறு இதனினும் நெடியது. 1869இல் ஐந்து மாணவியரோடு ஹிற்சின் என்னும் ஊரிற் தொடங்கிய கல்லூரியே 1873இற் கேம்பிறிட்ஜை அடுத்த கேட்டனுக்கு வந்தது. நியூனம் கல்லூரி 1871இல் எழுந்தது. இவற்றின் மாணவியர் விரிவுரை கேட்கலாம், பரீட்சையும் எழுதலாம், பட்டம் இல்லை. 1897இல் இது வாக்கெடுப்புக்கு வந்தபோது, துவிச்சக்கர வண்டியில் அமர்ந்த பெண்ணுருவப் பொம்மை ஒன்றை வீதியின்மேற் தொங்கவிட்டு ஆண் மாணாக்கர் எள்ளி நகையாடினர். 1921இலும் கோரிக்கை தோற்றது. வெற்றிக் களிப்பில் ஒரு கூட்டம் நியூனத்தின் வாயிற்கதவைச் சிதைத்தது. ஒக்ஸ்போட் 1920இல் இசைந்துங் கேம்பிறிட்ஜ் 1948இலேயே பெண்களுக்குப் பட்டம் வழங்கியது.

இவ்விரு கல்லூரிகளிலும் 1928இல் ஆற்றிய உரைகளினின்று விரிந்ததே வூல்வின் நூல். புற்றரையில் நடந்த பெண்ணைக் காவலன் விரட்டுகிறான். நூல்நிலைய வாயிலில் முதியவர் ஒருவர் மென்மையாகத் தடுக்கிறார். ஆண்களின் கல்லூரியில் மீனும் கவுதாரியும் மதுவும் கொண்ட நண்பகல் விருந்து. பெண்களின் கல்லூரியில் மாட்டிறைச்சியும் உலர்பழமும் தண்ணீரும் கொண்ட இராவுணவு. கல்வி பற்றிய நூலில் உணவுப்பட்டியல் எதற்கு என்று கேட்போர் நூலை அறியாதோர். பந்தியின் வேறுபாட்டிலே பரம்பரைச் செல்வத்தின் வேறுபாட்டை வூல்வ் காட்டுகிறார். வெளியே நிறுத்தப்படுதலின் துன்பத்தை எண்ணிய அவர், உள்ளே அடைபட்டிருத்தலின் கேட்டையும் உடனே எண்ணுகிறார். இவ்விடத்தில் அவர் நியூமனையும் ஹார்டியையும் விஞ்சுகிறார். விலக்கப்பட்டவனை மட்டுமன்றி விலக்கியவனையும் மதில் சிறையிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் வேண்டியதும் கூட்டம் அன்று. பூட்டக்கூடிய ஓர் அறை, ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் வருவாய். தனிமையிற் தள்ளப்பட்டோர்க்கு ஏகாந்தமும் மறுக்கப்பட்டிருந்தது என்பதை உணர்த்தியதே அந்நூலின் தனிச்சிறப்பு. ஆயினும் அவ்வருவாய் இல்லாத பெண்ணுக்கு வழி யாது என்பதற்கு அந்நூல் நிறைவான விடை தரவில்லை.

பந்தி என்னுஞ் சொல் தமிழர் ஒருவரை நினைவூட்டுகிறது. கும்பகோணத்திற் கற்ற இராமானுசன் 1914இற் கேம்பிறிட்ஜின் திரினிற்றிக் கல்லூரியை அடைந்தார். அவரை மதில் விலக்கவில்லை, அழைத்து ஏற்றது. 1916இல் ஆராய்ச்சிக்குப் பட்டம், 1918இல் அரச கழகத்தின் உறுப்புரிமை, அதே ஆண்டிற் கல்லூரியின் ஆய்வாளர் பதவி எனச் சிறப்புகள் தொடர்ந்தன. ஆனால் மரக்கறி உணவினராகிய அவர் கல்லூரிப் பொதுப்பந்தியில் உண்ணாது, தம் அறையில் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் வேண்டிய பொருள் கிடைப்பது அரிதாயிற்று. 1917இல் நோய் வீழ்த்தியது. 1919இல் நாடு திரும்பி, 1920இல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். நாவலாசிரியரின் வேறான கணித அறிஞர் ஹார்டி அவரை நாள்தோறும் போலக் கண்டு கணிதம் பேசியவர். அவர் முன்னர் எந்நூல்களைக் கற்றார் என்பதைத்தானும் கேட்டறியாது விட்டதற்குப் பிற்காலத்தில் வருந்தினார். நியூமன் கருதிய உடனுறைவு பொதுப்பந்தியை மையமாகக் கொண்டது. அப்பந்தியில் அமர இயலாதவனுக்கு அவ்வுறவின் பாதி கிட்டாது. பகையில்லை, இகழ்ச்சியில்லை, புகழும் உண்டு. எனினுந் தனிமை உண்டு. வாயிலைத் திறந்துவிட்டாற் போதும் என்பார்க்கு இராமானுசன் வாழ்வு தக்க மறுமொழி.

இவ்வாறு கூறுமிடத்து மேல்நாட்டை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையாகாது. ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன எனத் தொல்காப்பியமே வரையறை செய்கிறது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்னும் குரல் 1920களின் பிற்பகுதியில் எழுந்தபோது, அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் இம்மண்ணிலேதான். ஒரே வகுப்பிற் கற்றும் நிலத்திலே தனித்திருத்தப்பட்ட சிறுவனின் தனிமை, ஜூட்டின் தனிமைக்கு எவ்வகையிலுங் குறைந்ததன்று.

நியூமன் தராசின் மற்றைத் தட்டையும் இனி நோக்குதல் வேண்டும். அவர் தாழ்த்திப் பேசிய, பரீட்சை மட்டும் நடத்தும் கழகம் எனப்பட்டது இலண்டன் பல்கலைக்கழகத்தின் சாயலுடையது. அவர் சொற்பொழிவு நிகழ்ந்து ஆறாண்டின்பின், 1858இல், எக்கல்லூரியிலுங் கற்காதவரும் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெறலாம் என அப்பல்கலைக்கழகம் விதித்தது. வெளிவாரிப் பட்டம் என்பது இவ்வாறு பிறந்தது. 1878இல் அது பெண்களுக்கும் பட்ட வாயிலைத் திறந்தது. கேம்பிறிட்ஜ் அதனைச் செய்ய மேலும் எழுபதாண்டு சென்றது. சமயம், குலம், பால், நிறம் என்பவற்றுள் எதனையும் வெளிவாரி விடைத்தாள் காட்டுவதில்லை. தென்னாபிரிக்கச் சிறையில் இருந்தபடியே நெல்சன் மண்டேலா சட்டங் கற்றதும் இவ்வழியாலேயே. இலங்கையில் 1921இற் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 வரை தன் மாணாக்கரை இலண்டன் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது.

எனினும் அதன் விலை சிறிதன்று. பகல் முழுதும் பாடசாலையிற் கற்பித்து, இரவிலே விளக்கின் முன் அமரும் வெளிவாரி மாணாக்கனுக்கு ஐயம் எழுந்தாற் கேட்பார் இல்லை; புதியதொன்று புலப்பட்டாற் சொல்லி மகிழ்வாரும் இல்லை. பாடத்திட்டம் மட்டுமே அவனுக்கு ஆசிரியர், கடந்த ஆண்டின் வினாத்தாள் மட்டுமே அவனுக்குத் தோழன். உடன்கற்றோரை அவன் காண்பது பரீட்சை மண்டபத்தில்; அங்குப் பேசுதல் குற்றம். தவறாக விளங்கிக்கொண்டதொன்று திருத்துவாரின்றிப் பல்லாண்டு அவனோடு வாழும். நியூமன் கூறியதன் உண்மையை இவனைப்போல் உணர்ந்தவர் வேறில்லை. ஆனால் அவர் தீர்ப்பை ஏற்றிருந்தால் இவன் கற்றே இரான் என்பதும் உண்மை. உறவுடைய கழகம் இவனை வேண்டவில்லை. இவனை வேண்டிய கழகத்தில் உறவில்லை. நியூமனின் ஒப்பீடு பிழைத்தது இவ்விடத்திலேயே. இரண்டனுள் எது சிறந்தது என்று அவர் வினவினார். இரண்டனுள் எது யாருக்குக் கிட்டியது என்று வினவினாரல்லர்.

இவ்வொப்பீடு இலங்கையிலும் நடந்தேறியது. கேம்பிறிட்ஜின் கிறைஸ்ற் கல்லூரியிற் கற்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்து இந்நாட்டுக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டினார். அது 1942இல் எழுந்தது. முதற் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் உடனுறைவுக் கல்வியையே இலட்சியமாகக் கொண்டார்; 1952இற் பேராதனையில் விடுதிகளோடு கூடிய வாழ்வு தொடங்கியது. மாவலிக் கரையில் அமைந்த அவ்விடுதிகள் பல நட்புகளை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் மேசையொழுக்கமும் ஆங்கில உரையாடலும் அங்கு உறவின் திறவுகோல்களாக இருந்தன. 1960 அளவிற் சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணாக்கர் சிற்றூர்களினின்று பெருந்தொகையாக வந்தபோது, விடுதி நிறைந்தது. திறவுகோல் மட்டும் பலர் கையிற் சேரவில்லை.

அக்காலத்தில் இரு வழிகள் தெரிந்தன. ஒன்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் காட்டியது. மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்து மரபைப் பேராதனை மேடைக்கு அவர் கொணர்ந்தார். 1960களின் முற்பகுதியிற் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளைப் பல்கலைக்கழக மாணாக்கரே ஆடினர். கிராமத்து மாணாக்கன் தன் ஆட்டத்தையும் மத்தளத்தையும் வாயிலில் விட்டு வரவேண்டியதில்லை என்பதை அம்மேடை உணர்த்தியது. தான் கொணர்ந்ததைக் கழகம் மதித்துப் பெற்றுக்கொள்ளும்போதே மாணாக்கன் அக்கழகத்தவன் ஆகிறான். மற்றொன்று பகிடிவதை. அது புதியவரையும் பழையவரையும் இணைக்கிறது, வகுப்பு வேறுபாட்டை அழிக்கிறது என்று கூறுவாரும் உளர். இடைக்காலத்துக் கொம்பறுக்குஞ் சடங்கும் இவ்வாறே நியாயங் கூறியது. அச்சத்தால் வருவது பணிவு, அது நட்பாகாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியும் அது வேரற்றுப் போகவில்லை. சேர்ந்திருக்க வேண்டும் என்னும் பசிக்குக் கழகம் நல்லுணவு தராதவிடத்து, அப்பசி நஞ்சையும் உண்ணும்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? நியூமனின் கொள்கை பொய்யன்று, குறையுடையது. உடனுறைவு கல்வியாம், உடன் உறைவோர் உடன் எண்ணப்படும்போது. ஹார்டி மதிலைக் காட்டினார். வூல்வ் மதிலின் இருபுறத்தையுங் காட்டினார். இராமானுசன் வாழ்வு மதிலுக்குள்ளும் மதில் உண்டென்பதைக் காட்டியது. ஒரு பல்கலைக்கழகத்தின் உறவுநிலையை அறிய விரும்புவோர் அதன் உயர்மேசையில் அமர்ந்தோரை வினவுதல் வேண்டா. பந்தியின் கடைசி இருக்கையில், தன் மொழியையுந் தன் ஊரையுஞ் சொல்லத் தயங்கி, பேசாது உண்டு எழுந்து செல்பவனை வினவுதல் வேண்டும். அவன் தன் அறைக்குச் செல்வது ஏகாந்தம் நாடியா, தனிமையில் தள்ளுண்டா என்பதற்கு அவன் தரும் விடையே அக்கழகம் எழுதிய பரீட்சைக்குரிய பெறுபேறு. ஓதற் பிரிவுக்கு மூன்றாண்டு எல்லை வகுத்த இலக்கணம், அம்மூன்றாண்டும் ஓதுவோன் யாருடன் இருந்தான் என்று வினவவில்லை. அவ்வினாவை இனி வினவவேண்டியோர் அவனை வரவேற்கும் கழகத்தாரே.